அப்பாவை மதுரைக்குக் கொண்டு போவதா, வீட்டுக்கா?

வாசகி கேட்டிருப்பது: மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். எழுதியவருக்கு வயது 39, பாசி எடுக்கப் போகிறவர். அப்பாவுக்கு 73, வள்ளத்தில் தொழில் பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்து கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. ராமநாதபுரத்தில் மருத்துவமனையில் சேர்த்து ஒன்பது நாள் ஆகிறது. நான்கு நாளாக வாய் வழியாக எதுவும் இறங்கவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறார், பிறகு மூடிக்கொள்கிறார். நேற்றிலிருந்து தொண்டையில் கர் கர் என்று சத்தம். "இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க" என்று சொல்லிவிட்டார்கள். குவைத்தில் இருக்கும் அண்ணன், "மதுரையில தனியார் ஆஸ்பத்திரில சேர்த்து மெஷின்ல வைங்க, நான் வர்ற வரைக்கும் உசிர் இருக்கணும்" என்கிறார். அதற்காக வள்ளத்தை அடகு வைக்கப் பேச்சு நடக்கிறது. வலிக்கு மார்ஃபின் போடலாம் என்று டாக்டர் சொன்னபோது, அந்த ஊசியோடு முடிந்துவிடும் என்று பயந்து இவர் மறுத்திருக்கிறார். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "எதுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கணும், தலைக்கு ஊத்திடலாம்" என்று காதோடு சொல்லிப் போயிருக்கிறார். "பட்டினி போட்டுக் கொன்ன பாவம் எனக்கு வந்துருமா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆகுமா? டீ குடிக்கப் போற நேரத்துல போயிட்டாருன்னா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மதுரையா, வீடா, இதே வார்டா என்பதில் எல்லோரும் நிற்கிறார்கள். அதற்கு முன் தீர்க்க வேண்டியது, அப்பா இருக்கும் இடத்தில் வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் இருக்கிறாரா என்பது. இன்று அதற்கு மருந்து இருந்தும் அவருக்குப் போகவில்லை. அதனால் மார்ஃபினிலிருந்து தொடங்குகிறேன்.

மார்ஃபின் பற்றி

மார்ஃபின் உயிரை எடுக்கும் ஊசி அல்ல. வலிக்கும் மூச்சு முட்டலுக்கும் ஏற்றபடி சிறிய அளவில் ஆரம்பித்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்து, தேவையைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகும் மருந்து. அப்படிக் கொடுக்கும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் கடைசி இரண்டு நாளில்தான் இதை ஆரம்பிக்கிறார்கள். ஊசி போட்டார்கள், மறுநாள் போய்விட்டார் என்று ஊரில் பேச்சாகிறது. நோயின் வேலைக்கு மருந்து பழி சுமக்கிறது.

அவருக்கு விழுங்க முடியாததால் மாத்திரை வேண்டாம். தோலுக்கு அடியில் சின்ன பட்டர்ஃபிளை ஊசி ஒன்றைச் செருகி ஒட்டிவிட்டு, அதன் வழியாகவே வேளாவேளைக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் குத்த வேண்டியதில்லை. ஊசியாகப் போடும்போது அளவு மாத்திரையில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். குறைத்துப் போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சிறுநீர் மிகவும் குறைந்திருந்தால் மருந்து உடம்பில் தங்கும். அப்போது இடைவெளியை நீட்டுவார்கள். தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலிமருந்துப் பட்டையை யாராவது சொன்னால், அது வேலை செய்ய அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் புதிதாக ஆரம்பிக்க அது ஏற்றதல்ல.

வெளிக்கடையில் மார்ஃபின் எளிதில் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைத்துக் கொடுக்கும் வழி எளிதாகியிருக்கிறது. இருக்கும் இடத்திலேயே கேட்டு வாங்குவதுதான் சுலபம். நாளைக் காலை டாக்டர் வரும்போது, "அன்னைக்கு வேணாம்னு சொன்னேன், இப்ப ஆரம்பிங்க" என்று சொன்னால் போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மதுரையும் மெஷினும்

உங்கள் அண்ணனின் தவிப்பு நியாயமானது. அவர் கேட்கும் வழி மட்டும் அவர் நினைப்பதைத் தராது. வென்டிலேட்டர் நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்து, அதற்குள் நோய் குணமாகும் என்ற இடத்தில் பயன்படும் கருவி. நிமோனியா வந்த ஆரோக்கியமான ஆளுக்கும் பாம்பு கடித்தவருக்கும் அது உயிர் கொடுக்கும். கல்லீரலிலும் நுரையீரலிலும் பரவிய புற்றுநோய்க்கு அது எதையும் செய்யாது. தொண்டையில் குழாய் விட்டு, அதைப் பிடுங்காமல் இருக்க மயக்க மருந்து கொடுத்து, பல இடங்களில் கையையும் கட்டி வைப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது பார்வையாளர் நேரத்தில் சில நிமிடம். அப்பா பேச மாட்டார், கண் திறக்க மாட்டார். ராமநாதபுரத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். பரமக்குடி தாண்டுவதற்குள் வண்டியிலேயே முடிந்துவிடும் வாய்ப்பை மறைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. மெஷினில் வைப்பது ஒரு கையெழுத்து வேலை. எடுப்பது அப்படி அல்ல. 2018-இல் உச்ச நீதிமன்றம் கண்ணியமாக இறப்பதை அடிப்படை உரிமையின் பகுதி என்று ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையைச் சற்று எளிதாக்கியது. அப்படியும் சிகிச்சை தரும் டாக்டரோடு இரண்டு நிபுணர்கள் கொண்ட முதல் குழு, அதற்கு மேல் இரண்டாவது குழு, குடும்பத்தின் சம்மதம், நீதித்துறை நடுவருக்குத் தகவல் என்று படிகள் இருக்கின்றன. எத்தனையோ குடும்பங்கள் இதற்குள் நுழைய முடியாமல், பணம் தீர்ந்த நாளில் "சொந்தப் பொறுப்பில்" என்று எழுதிக் கொடுத்து, மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஊர் திரும்புகின்றன.

ஆதலால் இப்போதே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அப்பா நினைவாக இருந்தபோது குழாய், மெஷின் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு சாட்சிகளோடு எழுதி, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி (கெசட்டட் ஆபீசர்) சான்றளித்தால்தான் அது சட்டப்படி முன்கூட்டிய மருத்துவ உயில் ஆகும். ஆனாலும் அவர் வாயால் சொன்னதற்கு மதிப்பு உண்டு. கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இதயம் நிற்கும்போது நெஞ்சை அமுக்கி மீட்க முயல வேண்டாம் என்ற முடிவையும் அதிலேயே எழுதிவைக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எழுதாமல் விட்டால் இரவுப் பணிக்கு வரும் டாக்டருக்கு விஷயம் தெரியாது. அவர் அமுக்கத்தான் செய்வார். இந்த வயதில், இந்த உடம்பில் விலா எலும்பு முறியும்.

அண்ணனிடம் நேராகச் சொல்லுங்கள்: "மெஷின் வச்சாலும் நீ வர்ற வரைக்கும் இருப்பாருன்னு சொல்ல முடியாது. டிக்கெட் போடு, இன்னைக்கே போடு." அவர் வருவதற்குள் முடிந்துவிட்டால், முகம் பார்க்க ஃப்ரீசர் பெட்டி இருக்கிறது. வாடகைக்கு எடுக்கலாம், கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டரும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல மனது கூசும். ஆனால் முகம் பார்ப்பதற்காக வள்ளத்தை அடகு வைக்கத் தேவையில்லை. இன்று இரவே போனை அப்பாவின் காதருகே வைத்து அண்ணனைப் பேசச் சொல்லுங்கள். கண் திறக்காதவர்களுக்கும் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். அழுதாலும் பரவாயில்லை, பேசட்டும்.

பட்டினி, பால், தலைக்கு ஊற்றுவது

நீங்கள் அவரைப் பட்டினி போடவில்லை. சாப்பிடாததால் அவர் சாகவில்லை, சாவு நெருங்குவதால் உடம்பு சாப்பாட்டைக் கேட்கவில்லை. குடல் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. இந்த நிலையில் மூக்குக் குழாய் வழியாக இளநீரும் கஞ்சியும் விட்டால் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகும். குளுக்கோஸ் பாட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏற்றினால் அந்த நீர் கை கால் வீக்கமாகவும் தொண்டைச் சத்தமாகவும் வெளிப்படும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் மெதுவாக ஓடுவதை டாக்டர் விரும்பினால் சண்டை போட வேண்டாம், நிறுத்தச் சொன்னால் பயப்படவும் வேண்டாம். இப்போது தாகமாகத் தெரிவது பெரும்பாலும் வாய் வறட்சிதான். அதற்கு வழி கீழே சொல்கிறேன்.

பால் ஊற்றுவதைத் தடுக்க நான் யார்? ஸ்பூனால் ஊற்றாதீர்கள், அவ்வளவுதான். விழுங்க முடியாதவருக்கு ஒரு ஸ்பூன் பாலும் மூச்சுக்குழாயில் இறங்கும். விரலை நனைத்து உதட்டில் தொட்டு வைத்தால் சாங்கியம் நிறைவேறிவிடும். துளசித் தண்ணீர், ஜம்ஜம், தீர்த்தம், மண் கரைத்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

ஆனால் அந்த உறவுக்காரர் காதோடு சொன்னது வேறு: எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி உயிரை முடிப்பது. அது சட்டத்தின் முன் கொலை, உடம்புக்கும் கொடுமை: குளிரும் மூச்சுத் திணறலும் நடுக்கமும். நோயின் முடிவுக்கு வந்தவருக்குப் பயன் தராத சிகிச்சையை வேண்டாம் என்பது ஒன்று. உயிரை எடுக்க ஒரு காரியம் செய்வது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் மார்ஃபினையும் நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். இழுத்துக்கொண்டு கிடப்பதைப் பார்க்க முடியவில்லை என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அந்த வேதனையைக் குறைக்க மருந்து இருக்கிறது என்று பதில் சொல்லுங்கள். அவரை அப்பாவோடு தனியே விடாதீர்கள்.

பக்கத்தில் இருக்கும்போது செய்வது

செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது நோய்க்கு. கட்டிலருகே வேலை நிறைய இருக்கிறது.

முதலில் வாய். காய்ச்சி ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் அரை டீஸ்பூன் உப்பும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து ஒரு பாட்டிலில் வையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். சுத்தமான காஸ் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, நனைத்து, சொட்டாமல் பிழிந்துகொள்ளுங்கள். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு, கடைசியாக அண்ணம் என்று துடைத்து எடுங்கள். தடித்துப் போன சளி முதல் தடவையில் வராது. நனைத்து விட்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி துடைத்தால் இழையாக வரும். நாக்கின் பின்பகுதிக்குப் போனால் குமட்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஆக்சிஜன் ஓடும்போது உதட்டில் வாஸ்லினும் எண்ணெயும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

அந்தக் கர் கர் சத்தம், விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தேங்கி மூச்சில் அசைவதால் வருவது. கேட்பவர்களுக்குத்தான் அது பெரிய வேதனை. அந்த மயக்கத்தில் அவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. தலைப்பக்கம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுங்கள்; வாய் கீழ்நோக்கி இருந்தால் எச்சில் வழிந்துவிடும். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சச் சொல்லாதீர்கள். அது வலிக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி தேங்கும். ஹயோசின் அல்லது கிளைகோபைரோலேட் ஊசி புதிதாகச் சுரப்பதைக் குறைக்கும். ஏற்கெனவே தேங்கியதை எடுக்காது. ஆகவே சத்தம் தொடங்கியதுமே கேட்க வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் இதுதான்.

புரட்டுவதற்குத் தோளைப் பிடித்து இழுக்க வேண்டாம். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து முதுகிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வையுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் சேலையைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கினால் தோல் உரசாது. பகலில் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை போதும். திடீரென்று புரண்டு, துணியை இழுத்து, எழப் பார்த்தால் அதைக் கடைசித் தவிப்பு என்று விட்டுவிடாமல் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். புடைத்து இறுகியிருந்தால் சிறுநீர் அடைத்திருக்கும். குழாய் வைத்ததும் பல நேரம் அடங்கிவிடுவார். மூச்சு முட்டினால் முகத்துக்கு நேராகக் காற்று படும்படி சின்ன மின்விசிறி வையுங்கள்.

முடிவு நெருங்கும்போது கை கால் சில்லிடும், முழங்காலில் ஊதாத் திட்டு வரும், சிறுநீர் கருத்துக் குறையும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, இருபது முப்பது விநாடி நின்று மறுபடி தொடங்கும். இந்த நிலை சில மணி நேரமும் இருக்கலாம், ஒன்றிரண்டு நாளும் ஓடலாம். யாராலும் மணி குறித்துச் சொல்ல முடியாது.

ஒன்பது இரவு நீங்கள் ஒருத்தியாகவே இருந்திருக்கிறீர்கள். இது நீடிக்காது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை தம்பி, மாமன் மகன், யாராவது ஆள் மாற்றுங்கள். ஆண்கள் வார்டில் இரவில் பெண்கள் தங்க விடுவதில்லை என்றால், கடைசிக் கட்டம் என்று வார்டு சிஸ்டரிடம் சொல்லி அனுமதி கேளுங்கள். ஓரத்துக் கட்டிலும் ஒரு மறைப்புத் திரையும் கேளுங்கள், தருவார்கள். ஒரு நோட்டில் மருந்து போட்ட நேரம், சிறுநீர், அவர் முகம் சுளித்த நேரம் எழுதி வைத்தால் மாறி வருபவருக்கு நூறு கேள்வி மிச்சம். டீ குடிக்கப் போன நேரத்தில் போய்விட்டால்? போகலாம். கூடவே உட்கார்ந்திருந்தவர் எழுந்து போன பத்து நிமிடத்தில் மூச்சு அடங்குவது அடிக்கடி நடப்பதுதான். அது உங்கள் கவனக்குறைவு ஆகாது. போகும்போது "வெளிய போயிட்டு வர்றேம்பா" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கென்றால்

கூட்டிப் போகலாம். போலீஸ் கேஸ் ஆகாது. நோயால் இறப்பவருக்கு, வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும், பிரேதப் பரிசோதனை கிடையாது. விபத்து, விஷம், சந்தேகம் என்றால்தான். ஆனால் "சொந்தப் பொறுப்பில்" என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். இப்படிப் போகிறவர்கள்தான் மறுநாள் ராத்திரி வலி தாங்காமல் திரும்பி வருகிறார்கள். கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை:

• நோயும் நிலையும் தெளிவாக எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கம். வீட்டில் இறந்தால், பார்த்த டாக்டர் இறப்புக்கான காரணச் சான்று தர இது வேண்டும்.

• வலி, தொண்டைச் சத்தம், தவிப்பு, வாந்தி, காய்ச்சல் ஆகிய ஐந்துக்கும் மருந்து. தோலடி ஊசி பொருத்தியபடி. மருந்தை எப்படி ஏற்றுவது என்று நர்ஸ் முன்னால் இரண்டு பேர் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

• வீட்டுக்கு வரப்போகும் நர்ஸின் பெயரும் போன் எண்ணும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலியையும் தவிப்பையும் தணிக்கும் இந்த ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவமனையிலிருந்தே பேசச் சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 104-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வார்டிலேயே இருப்பது நல்லது. வீட்டில் சாவதுதான் நல்ல சாவு என்று ஊர் சொல்வதற்காக அவரை வலியில் படுக்கவைக்க வேண்டாம்.

108 வண்டி அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரத்தான், வீட்டுக்கு விட அல்ல. தனி ஆம்புலன்ஸ் பேச வேண்டும். மணல் பாதையில் வண்டி எதுவரை வரும், அங்கிருந்து தூக்க நாலு பேர் யார் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் அவசியமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு மார்ஃபினும் விசிறியுமே போதும். வேண்டுமென்றால், சின்ன பி வகை சிலிண்டர் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் வரும், ஆகவே இரண்டு வாங்க வேண்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் தலைமாட்டு விளக்கு, மெழுகுவர்த்தி, சாம்பிராணி, பீடி எதுவும் கூடாது. விளக்கேற்றுவது, மூச்சு அடங்கி சிலிண்டரை மூடி வெளியே எடுத்த பிறகுதான்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் எப்போதாவது ஒரேயடியாக ரத்த வாந்தி வரலாம். கருநீலத்திலோ கருஞ்சிவப்பிலோ இரண்டு பழைய லுங்கி கையெட்டும் இடத்தில் வையுங்கள். வெள்ளைத் துணியில் ரத்தம் பார்ப்பவர்களை உலுக்கிவிடும். இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, தவிப்புக்குக் கொடுத்த மருந்தை ஏற்றி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வண்டி தேடி ஓட வேண்டாம்.

முடிந்த பிறகு அவசரம் இல்லை. வார்டில் என்றால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ஈசிஜி எடுத்து டாக்டர் நேரம் குறிப்பார், குழாய்களை அவர்களே எடுப்பார்கள். தாடை சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கும், அதற்கு முன் கண்ணை மூடி, நாடிக்கு அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். அரசு மருத்துவமனையிலிருந்து ஊருக்கு இலவச அமரர் ஊர்திக்கு 155377. ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு அங்கேயே நடக்கும். ஊராட்சிக்குள் வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஆதாரில் இருக்கும் எழுத்திலேயே, இனிஷியலோடு எழுதச் சொல்லி, வாங்கும் இடத்திலேயே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்று, வங்கி, மீனவர் நல வாரிய உதவி என்று ஒவ்வொரு மேசையிலும் திருப்பி அனுப்புவார்கள்.